நர்ஸ் உத்தியோகம்

குற்றாலத்தில் சாரல் கட்டும் காலமும், பிளஸ் டூ தேறிய பிள்ளைகள் மேற்படிப்பைப் பற்றிக் கவலைப்படும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்க்கொண்டிருக்க, உபாத்தியாயராகிய நமது தென்காசி வீட்டுத் திண்ணைக்கு மட்டும் பெற்றோர்கள் யோசனை கேட்டு வருவார்கள். டாக்டர், இஞ்சினீயர் என்றால் உரத்த குரலில் பேசுவார்கள். பெண் நர்ஸ் படிப்புக்கு ஆசைப்படுகிறாள் என்றால்தான் குரல் தாழ்ந்துபோகும். “நல்ல படிப்புத்தான், ஸார். ஆனால் ராத்திரி வேலை. நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால்...” என்று இழுப்பார்கள்.

பிள்ளைகள் ஏன் இதை விரும்புகிறார்கள் என்று நாம் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறோம். சிலர் “சேவை” என்பார்கள். அது பெரும்பாலும் மேடையில் கேட்ட பதில். அதற்கு நாம் அதிக மார்க் போடுவதில்லை. பலர் “வேலை நிச்சயம்” என்பார்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கேயிருந்து நர்ஸுகள் வளைகுடா நாடுகளுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய கதைகளைக் கேட்டே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். சம்பளம் வேண்டாம் என்று சொன்ன வாத்தியாரை நாமும் இதுவரை பார்த்ததில்லை.

மூன்றாவது பதிலைச் சொன்னவள், பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாயின் மகள். பாரிசவாதத்தில் விழுந்த பாட்டியை வீட்டார் அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் முதுகெல்லாம் படுக்கைப் புண். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாளாம். “அது தெரியாததனால்தானே, ஸார், பாட்டி அவ்வளவு துன்பப்பட்டாள்?” என்றாள் அந்தப் பெண். அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இந்த அறிவைப் பாடமாக வகுத்தவர் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1860-இல் லண்டனில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. நமது நாட்டில் 1871-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியிலும், 1909-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் முயற்சியால் வேலூரிலும் பயிற்சி ஆரம்பமாயிற்று. 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் பட்டப் படிப்பே வந்துவிட்டது. அதே வருஷம் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை, இந்தியாவில் ஏறக்குறைய 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குக் காட்டியது. இது பெண்களுக்கு மட்டும் உரிய வேலையுமன்று. காந்திஜி தென்னாப்பிரிக்காவில் ஒரு சிறு தர்ம ஆஸ்பத்திரியில் தினந்தோறும் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர். 1899-இல் போயர் யுத்தத்தின்போது சுமார் 1,100 இந்தியரைத் திரட்டிக் காயம்பட்டோரைத் தூக்கிச் சுமந்தவர்.

பயிற்சியோ எளிதன்று. டிப்ளமாவுக்கு மூன்று வருஷம், பட்டத்துக்கு நான்கு. தமிழில் படித்த பிள்ளைக்கு எலும்பும் நரம்பும் மருந்தும் திடீரென்று இங்கிலீஷில் வந்து நிற்கும். மருந்துக் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். நமது கணக்கு வகுப்பைப்போல் அரை மார்க்கோடு போகிற பிழையன்று அது. மலமும் சீழும் கண்டு குமட்டும் வயிற்றை அடக்க வேண்டும். பகலில் பாடம், இரவில் வார்டு என்று தூக்கத்தைப் பங்கு போட வேண்டும்.

இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்ட அந்தப் பெண், ஒரு நாள் பெட்டியோடு வீடு திரும்பிவிட்டாள். காலையில் அவள் கையால் கஞ்சி குடித்த கிழவர் மாலையில் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. “எனக்கு இந்த மனசு வராது” என்று அழுதாள். நாம் என்னென்னவோ உபதேசம் செய்தோம், பயனில்லை. பீடி சுற்றிக்கொண்டிருந்த தாய் தலை நிமிராமல், “அந்தப் பெரியவர் பசியோடு போகவில்லையே, அம்மா” என்றாள். மறுவாரம் பெண் திரும்பிப் போனாள். இன்று அவள் தேர்ந்த நர்ஸ்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன், பள்ளிக்குத் தமிழ்நாடு நர்ஸுகள் கௌன்ஸிலின் அங்கீகாரம் உண்டா, பட்டப் படிப்பானால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததா, பழகுவதற்கு நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரி உண்டா என்று விசாரியுங்கள். கட்டடத்தின் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மற்றவர்களுக்கும் ஒன்று உண்டு. 2020-ஆம் வருஷம் மார்ச்சு 22-ந் தேதி, கொரோனாவின்போது, வாசலில் நின்று இவர்களுக்காகக் கை தட்டினோம். கை தட்டச் செலவில்லை. ஆனால் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இவர்கள் வாங்கும் சம்பளம் சொற்பம். கல்யாணச் சந்தையில் கிடைக்கும் மதிப்பு அதிலும் சொற்பம். முதலாவதைச் சரிசெய்ய முதலாளிகளும் சர்க்காரும் வேண்டும். இரண்டாவதைச் சரிசெய்ய நாம் போதும்.