பரணில் இருந்த ஊர்

பம்பாயில் ஜாகை தேடி அலைந்தவர்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். இந்நகரில் வீடுகள் அகலத்தில் வளர்வதில்லை, உயரத்தில்தான் வளர்கின்றன. 1995-ஆம் ஆண்டிலேயே நகரின் பெயர் மும்பை என்று மாற்றப்பட்டுவிட்டது. எங்கள் வாயிலிருந்து பம்பாய் இன்னும் போகவில்லை. பெயரை விடாதவர்கள் சாமான்களை மட்டும் விட்டுவிடுவார்களா என்ன?

எங்கள் ஜாகை மாட்டுங்காவில், ரயில்வே குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கிறது. ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. சமையற்கட்டின் நிலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு பரண். 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியபோது, காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளே அதற்குக் காரணம் என்று அரசினர் எண்ணினர். 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தனர். தாதர், மாட்டுங்கா முதலிய பகுதிகளின் அகன்ற வீதிகள் அந்த டிரஸ்டின் திட்டத்தால் உண்டானவை. வீதிகள் இன்றும் அகலமாகவே இருக்கின்றன. வீட்டினுள் காற்று வரும் வழியைத்தான் நாம் டிரங்குப் பெட்டிகளால் அடைத்துவிட்டோம்.

பரணுக்கு நியாயமும் உண்டு. இவ்வட்டாரத்தில் கிங்ஸ் சர்க்கிளும் சயானும் தாழ்ந்த இடங்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீர் தேங்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அன்று முழங்கால் அளவு நீரில் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் தூக்கிப் பிடித்து நின்றதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதன் பின் தரைத்தளத்தார் மதிப்புள்ளதை எல்லாம் மேலே ஏற்றினர். ஏற்றியதை இறக்கும் வழக்கம் மட்டும் ஏற்படவில்லை.

நம்மவர் பரண்களில் என்ன இருக்கும் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்த பித்தளைத் தவலை; திருமணத்தில் வந்த எவர்சில்வர் குடங்கள், பெயர் பொறித்தவை; வெண்கலப் பானை; மிக்ஸி வந்த பிறகும் போகாத அம்மி; ஓடாத மின்விசிறி; செத்துப்போன கைப்பேசிகளும் அவற்றைவிட அதிகமான சார்ஜர்களும். ரயில்வே ஊழியர்களுக்குப் பாஸ் உண்டாகையால், நாகர்கோவில் வண்டியில் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு மூட்டையாவது கூட வரும். இவற்றில் பாதியைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் கிடைக்கும்: "ஊரோடு போய் இருக்கும்போது வேண்டுமே!" ஓய்வு பெற்றபின் நடத்தப்போகும் ஒரு குடித்தனம், முன்கூட்டியே பரணில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சென்ற மார்கழியில் எங்களுக்கு அந்தப் பதில் உதவாமற் போயிற்று. திருநெல்வேலியில் அம்மா குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டப்போவதாகத் தெரிவித்துவிட்டார். அம்மா தைமாதத்தில் எங்களோடு வந்து நிரந்தரமாக இருப்பது என்று முடிவாயிற்று. கூடத்தில் ஒரு கட்டில் போட வேண்டும். கட்டில் போட வேண்டிய மூலையிலோ கூரை வரை அட்டைப் பெட்டிகள் நின்றன.

ஊராக இருந்தால் போகியன்று பழம்பாயும் முறமும் தெருவில் எரிந்துவிடும். இங்கே எரிக்கவும் இடமில்லை, எரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பம்பாயில் விலை போகாத பொருள் என்று ஒன்று அரிதே. வாரத்துக்கு ஒரு பெட்டி, அதுவும் ஓய்வு நாளில் மட்டும், என்று கணக்கு வைத்துக்கொண்டோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கினால் இரவு படுக்க இடமிராது.

காகிதம் முதலில் போயிற்று. ரத்திக்கடைக்காரர் தராசில் எல்லா மொழிகளும் ஒரே எடைதான். இச்சங்க இதழின் எட்டாண்டுப் பிரதிகளும் அதில் அடக்கம், ஆசிரியர் பொறுத்தருள்வாராக. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டோம். ரேஷன் அட்டை, பணிப் பதிவுகள், பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஒரே தகரப் பெட்டியில் சேர்த்தோம். பரணில் இனி வெள்ளத்துக்கு அஞ்சி ஏறும் பொருள் அது ஒன்றே.

துணிகளுக்குப் பாண்டிவாலி வந்தார். தலையில் பாத்திரக் கூடையுடன் தெருவில் கூவி வந்து, பழந்துணிக்கு மாற்றாகப் பாத்திரம் தரும் இப்பெண்களைப் பம்பாய்வாசிகள் அறிவர். பெரும்பாலோர் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். எங்கள் வாசலில் அமர்ந்தவர் ஒவ்வொரு கால்சட்டையையும் வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை பார்த்தார். சேலைகளில் ஜரிகையை நகத்தால் சுரண்டினார். ஒன்பது சட்டைகளையும் நான்கு சேலைகளையும் எடுத்துக்கொண்டு, மூன்று கிண்ணங்களை எடுத்து வைத்தார். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. துணி ஒரு வழியே வெளியே போக, பாத்திரம் மறு வழியே உள்ளே வந்துவிடும்! கிண்ணங்கள் வேண்டாம், மூடியுள்ள அரிசி டிரம் ஒன்றுதான் வேண்டும் என்று எங்கள் இல்லத்தரசி விடாப்பிடியாக நின்றார். மேலும் இரண்டு போர்வைகளை இழந்து டிரம்மைப் பெற்றோம். அது வந்தபின் மூன்று பழைய டின்கள் தேவையற்றுப் போயின.

டின்களையும் பிளாஸ்டிக்கையும் ஊரில் காயலான் கடை என்போமே, அத்தகைய பங்கார்க் கடையில் போட்டோம். கடைக்காரர் எங்கள் ஜில்லாக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. இவை எங்கே போகின்றன என்று கேட்டதற்கு, "வந்து பாருங்களேன், ரயில் பாதைக்கு அந்தப் பக்கந்தானே!" என்று அழைத்தார். அடுத்த ஞாயிறன்று தாராவிக்குச் சென்றோம்.

தினமும் வண்டியிலிருந்து தகரக் கூரைகளாகப் பார்க்கும் தாராவி வேறு. உள்ளே நடந்து பார்க்கும் தாராவி வேறு. ஒரு கொட்டகையில் பெண்கள் வட்டமாக அமர்ந்து பிளாஸ்டிக்கை நிறத்துக்கு ஒரு குவியலாக, தரத்துக்கு ஒரு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தனர். அடுத்த கொட்டகையில் இயந்திரம் அதைச் சிறு துண்டுகளாக நொறுக்கியது. கழுவிய துண்டுகள் கூரைமேல் காய்ந்தன. இன்னோரிடத்தில் எண்ணெய் டின்களைக் கொதிநீரில் கழுவி, நசுங்கல் எடுத்து மீண்டும் விற்பனைக்கு அடுக்கினர். எங்கள் வீட்டில் பத்தாண்டுகள் பிரிக்காமல் வைத்திருந்ததை அந்தப் பெண்கள் பத்து நிமிடத்தில் பிரித்துவிடுவார்கள் போலிருந்தது. கையுறை ஒருவருக்கும் இல்லை. உடைந்த கண்ணாடியைத் தனியே கட்டி, மேலே எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை அன்று முதல் மேற்கொண்டோம்.

பிரிக்காமல் வெளியே எறிவது வேறு வழியில் போகிறது. 1927 முதல் நகரின் குப்பையை ஏற்றுவரும் தேவனார் மேடு 2016 ஜனவரியில் பற்றியெரிந்து, நகரின் மீது பல நாள் புகை மூடியது அன்பர்கள் அறிந்ததே.

மிஞ்சியவை பித்தளையும் வெண்கலமும். அவற்றைச் சோர் பஜாரில் நல்ல விலைக்கு எடுப்பார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்தில் இறங்கி மட்டன் வீதி வரை நடந்தோம். கடைகளில் கப்பல் விளக்குகள், கடிகாரங்கள், கிராமபோன் குழல்கள். அவற்றின் நடுவே நம் பொங்கல் பானை ஒன்று, நன்கு துலக்கப்பட்டு, காகிதப் பூக்கள் செருகப்பட்டு நின்றது. விலை கேட்டோம், சொன்னார். எங்கள் பானைக்கு என்ன தருவார் என்று கேட்காமலே திரும்பிவிட்டோம்.

அம்மா வந்து சேர்ந்தாள். வந்த மறுநாள் பரணில் எஞ்சியிருந்ததை எல்லாம் இறக்கச் சொல்லிப் பார்வையிட்டாள்.

"இந்தத் தவலை எதுக்குய்யா கிடக்கு?"

"ஊருக்குப் போனா வேணுமேன்னுதான் அம்மா."

"ஊருல யாரு இருக்கா? நானே இங்க வந்தாச்சு. போட்டுரு."

இரண்டு தவலைகளையும் அண்டாவையும் அவளே பங்கார்க் கடைக்கு அனுப்பினாள். தராசில் எடை சரிதானா என்று கூட நின்று பார்த்தாள். வெண்கலப் பானையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். தைப்பொங்கலன்று கேஸ் அடுப்பில் அது ஆடாமல் நிற்க, மருமகளும் அவளுமாகத் தாங்கி ஒன்றைத் தேடி வைத்தார்கள். பொங்கிற்று.

கட்டில் இப்போது ஜன்னலோரம் கிடக்கிறது. அம்மாவின் பெட்டியில் ஆறு சேலைகளும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், அப்பா உட்கார்ந்து சாப்பிட்ட மணைப்பலகையும் வந்தன. ஈயச்சொம்பு அடுக்களையில் சேர்ந்துவிட்டது. மணைப்பலகைக்குப் பரணில் இடம் இருந்தும் அவள் சம்மதிக்கவில்லை. கட்டிலின் கீழே, கை எட்டும் இடத்தில் வைத்திருக்கிறாள்.