மலிவின் விலை

ஒரு பொருளை ஆக்குவதற்குச் செல்லும் செலவோடு ஓரளவு இலாபமும் சேர்ந்ததே அதன் விலை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2021ஆம் ஆண்டில் எனது முதலாவது மடிக்கணினியை வாங்கச் சென்ற நாளிலேதான் அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது.

விரிவுரைகள் யாவும் சூம் வழியாக நடைபெற்ற காலம் அது. கடன் பெற்ற பணத்துடன் தந்தையாரும் நானும் கடையொன்றுக்குச் சென்றோம். விளம்பரத்திற் கண்ட விலைக்குரிய கணினியில் நினைவகம் 4 கிகாபைற்று மாத்திரமே. “தம்பி, இன்னும் இருபத்தையாயிரம் போட்டால் எட்டு வரும். இது உள்ளுக்கை ஒட்டினது, பிறகு கூட்டேலாது” என்றார் கடைக்காரர். தந்தையார் என் முகத்தைப் பார்த்து, “படிக்கிறதுக்கு இது காணாதோ?” என்றார். “காணும் அப்பா” என்றேன்.

காணவில்லை என்பதை இரண்டாம் வருடத்திலே உணர்ந்தேன். அதே வருடத்திற் கற்ற பொருளியல் அதற்கான காரணத்தையும் உணர்த்திற்று.

புகையிரதத்தின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இல்லாதிருந்தமைக்குப் பிரெஞ்சுப் பொறியியலாளர் டுப்புயி 1849இல் ஒரு விளக்கம் தந்தார். கூரையின் செலவை மிச்சம்பிடிப்பது கம்பனியின் நோக்கமன்று; இரண்டாம் வகுப்புக்குப் பணங்கொடுக்க வல்லவர் மூன்றாம் வகுப்பை நாடாமற் செய்வதே நோக்கம் என்றார் அவர். கணினித் துறையும் இவ்வழியையே பின்பற்றியது. 1990இல் ஐ.பி.எம். கம்பனி நிமிடத்துக்கு 10 பக்கம் அச்சிடும் தனது லேசர் அச்சுப்பொறியின் மலிவுப் பதிப்பை வெளியிட்டது. அது 5 பக்கமே அச்சிட்டது. வேகத்தைத் தடுப்பதற்கெனவே அதனுட் கட்டளைகள் சேர்க்கப்பட்டிருந்தன. 1991இல் இன்ரெல் கம்பனி, 486 சில்லின் கணிதப் பகுதியைச் செயலிழக்கச் செய்து, அதனைக் குறைந்த விலையில் விற்றது. குறையை உண்டாக்குவதும் ஓர் உற்பத்தி வேலையாயிற்று!

அண்மைய உதாரணம் அப்பிள் கம்பனியின் மக்புக் எயர். 2020இல் 8 கிகாபைற்று நினைவகத்துடன் அதன் ஆரம்ப விலை 999 டொலர். நினைவகத்தை 16 ஆக்குவதற்கு மேலும் 200 டொலர். சேமிப்பகத்தை இருமடங்காக்க இன்னுமொரு 200 டொலர். ஆனால் 2024 ஒக்ரோபரில் ஆரம்ப விலையை உயர்த்தாமலே 16 கிகாபைற்றை அக்கம்பனி அடிப்படையாக்கியது. நினைவகத்தின் ஆக்கச் செலவு ஒரே நாளில் 200 டொலரால் வீழ்ந்துவிடவில்லை. எனவே அந்த 200 டொலரைச் செலவின் அளவு என்று கொள்வதற்கில்லை. வாங்குபவர் எவ்வளவு கொடுக்க இசைவார் என்பதன் அளவாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

இது முற்றிலும் அநீதியா? அவ்வாறு கூறிவிட எனக்குத் தயக்கமுண்டு. மேல்வகுப்பார் கூடுதலாகக் கொடுப்பதனாலேயே கீழ்ப்படியின் விலை தாழ்ந்திருக்கவும் கூடும். குறைந்த பதிப்பு இல்லாதிருந்தால் அன்று நான் வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பேன். எனது முறைப்பாடு வேறொன்று. முன்னர் பல மடிக்கணினிகளில் நினைவகத்தைப் பின்னர் வாங்கிப் பொருத்தலாம். வறியவன் ஒரே நாளில் முடியாததை ஈராண்டிற் செய்து முடிப்பான். நினைவகத்தை நிலையாகப் பொருத்திவிடும்போது அவ்வழி அடைபடுகின்றது. வேகமும் மெல்லிய வடிவமும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவற்றில் உண்மையும் உண்டு. எனினும் நான்காண்டுத் தேவை முழுவதையும், கையிற் பணம் மிகக் குறைந்திருக்கும் முதல் நாளிலேயே தீர்மானிக்க வேண்டியவனாகின்றான் மாணவன்.

பொறுத்திருந்து புதியதொன்றை வாங்கலாமே எனலாம். 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. 200 டொலர் என்பது 40,000 ரூபாவிலிருந்து 72,000 ரூபாவாயிற்று. பொறுத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் அதுதான்.

இக்கட்டுரையையும் அக்கணினியிலேயே எழுதுகின்றேன். ஒன்றைத் திறப்பதற்கு மற்றொன்றை மூடவேண்டியிருக்கிறது. “கணினி எப்படி?” எனத் தந்தையார் இடையிடையே கேட்பார். “நல்லா வேலை செய்யுது அப்பா” என்பேன். அன்று கடையிற் கூறிய பொய்யை இன்னும் காத்துவருகின்றேன். அடுத்த வருடம் தங்கை பல்கலைக்கழகம் புகுவாள். அவளோடு கடைக்குச் செல்லும்போது விலையைக் கேட்குமுன், “இதைப் பிறகு கூட்டலாமோ?” என்றே முதலிற் கேட்பேன்.