நாங்கள் அல்ல, நாம்

மேற்படிப்புக்காக மணிலாவை ஒட்டிய கேசோன் நகரத்துக்குப் போனபோது, எனக்குத் தகாலோக் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. நான் குடியிருந்த வீட்டின் கீழே ‘கரிந்தேர்யா’ என்னும் சிறு சாப்பாட்டுக்கடை நடத்திய அக்காதான் எனக்கு ஆசிரியர். அக்காவை அங்கே ‘ஆத்தே’ என்பார்கள். காலையில் வெங்காயம் உரித்தபடியே பாடம் நடக்கும். ஒரு சொல்லைத் திருத்தமாகச் சொல்லும்வரை அடுத்த சொல்லைத் தரமாட்டார்.

முதலில் தடுமாறியது அழுத்தத்தில். ‘ஆஸோ’ என்று முதலசையை நீட்டினால் நாய். ‘அஸோ’ என்று கடைசி அசையை அழுத்தினால் புகை. வாசலில் புகை படுத்திருக்கிறது என்றே ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆத்தே மேசையில் விரலால் தட்டுவார். தட்டு விழும் இடத்தில் என் குரலும் விழ வேண்டும்.

வினைச்சொல் அதைவிடக் கடினம். தமிழில் காலம் வேர்ச்சொல்லின் பின்னால் வந்து ஒட்டும். அங்கேயோ கொழுக்கட்டை மாவைக் குழித்துப் பூரணம் வைப்பதுபோல, வேர்ச்சொல்லுக்கு உள்ளே வைக்க வேண்டும். ‘காயின்’ என்றால் உண்பது. முதல் மெய்யை அடுத்து ‘உம்’ நுழைந்தால் ‘குமாயின்’: சாப்பிட்டாயிற்று. முதலசையை இரட்டித்தால் ‘ககாயின்’: இனிமேல்தான் சாப்பாடு. இது நாவில் படிய இரண்டு மாதம் ஆயிற்று.

ஒருநாள் ஆத்தேயின் வயதான அம்மாவிடம் ‘குமாயின் க ந ப?’ என்று கேட்டுவிட்டேன். ‘சாப்பிட்டாயா?’ என்று ஒருமையில்! ஆத்தே கத்தியைக் கீழே வைத்தார். ‘க’ என்றால் நீ, ‘கயோ’ என்றால் நீங்கள். பெரியவர்களிடம் ‘போ’ என்ற மரியாதைச் சொல்லும் வேண்டும் என்றார். ‘குமாயின் ந போ ப கயோ?’ என்று பாட்டியிடம் மறுபடி கேட்ட பிறகே பாடம் தொடர்ந்தது.

பொங்கலன்று சமைத்துவிட்டு ஆத்தேயைச் சாப்பிட அழைத்தேன். ‘ககாயின் ந கமி’ என்றேன். சிரித்துத் தலையசைத்தார், வரவில்லை. மறுநாள்தான் காரணம் புரிந்தது. என்னையும் என் அறைத்தோழர்களையும் சுற்றிக் கையால் வட்டம் போட்டு ‘கமி’ என்றார். தன்னையும் சேர்த்துப் பெரிய வட்டம் போட்டு ‘தாயோ’ என்றார். நாங்கள், நாம்! ஆங்கிலத்தின் ஒற்றை ‘வீ’ வழியாகப் படித்ததால், என் தாய்மொழியிலேயே இருந்த வேறுபாட்டைத் தவறவிட்டிருந்தேன். அன்றே குறிப்பேட்டில் ஆங்கிலப் பொருளையெல்லாம் அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன்.

அடுத்த பொங்கலுக்கு ‘காயின் ந போ தாயோ, ஆத்தே’ என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

தகாலோக் கற்கத் தொடங்கும் தமிழர்களுக்கு ஒன்று சொல்வேன்: குறிப்பேட்டில் பொருளைத் தமிழில் எழுதுங்கள்.