இரண்டாம் நிலையில் ஒரு குளிர்காலம்



உலகத்தின் உச்சியில் நின்ற ஒரு விளையாட்டு வீரர், தம் 47-ஆம் வயதில், பிறந்த ஊரின் சிறிய அணிக்காக இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடிய ஒரு குளிர்காலத்தைக் குறித்து இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அந்த நாடு செக் குடியரசு. அந்த விளையாட்டு பனி ஹாக்கி. 2018-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் தொடங்கி 2019 ஏப்ரலில் முடிந்த பருவம் அது. நான் அந்தப் பனித்தளத்தின் அருகே நின்றவன் அல்லன். ஆயினும் அந்தப் பருவத்தின் ஆட்டமுடிவுகளை இரவில் வெகுநேரம் விழித்திருந்து தொடர்ந்தவன்.

பனி ஹாக்கி நம்மில் பலருக்குப் பழக்கமற்ற விளையாட்டு. ஆகையால் சில வார்த்தைகள். சுமார் 60 மீட்டர் நீளமுள்ள பனித்தளம். காவலரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர். பந்துக்குப் பதிலாகக் கடினமான ரப்பர் வட்டு. இருபது நிமிடப் பகுதிகள் மூன்று. கால்பந்து வீரனைப்போல ஒருவரே நெடுநேரம் தளத்தில் நிற்பது இங்கே இயலாது. முக்கால் நிமிடம் முழுப்பலத்தோடு சறுக்கியோடினால் மூச்சு இரைக்கும். உடனே மற்றொருவர் இறங்க, இவர் பலகையில் அமர்வார். மீண்டும் இறங்குவார். ஓர் ஆட்டத்தில் இப்படி இருபது முறைக்குமேல் நிகழும். ஐம்பதை நெருங்கும் ஒருவருடைய முழங்கால்களுக்கு இது எத்தகைய வேலை என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

செக் மக்களுக்கு இது குளிர்காலத்தின் விளையாட்டு. ஏறக்குறைய ஒவ்வொரு நகரத்திலும் ஓர் அரங்கம் உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே ‘குளிர்கால அரங்கம்’ என்பதுதான். முதல் நிலைப் போட்டிக்கு எக்ஸ்ட்ராலிகா என்று பெயர். அதற்குக் கீழே இருப்பது இரண்டாம் நிலை. விளம்பரம் தருகிற நிறுவனத்திற்கு ஏற்ப அதன் பெயர் அவ்வப்போது மாறும். ப்ரெரோவ், டிரெபீச், லிட்டோமெர்ஜிட்சே, கடான் என்று நாம் கேள்விப்பட்டிராத ஊர்களின் அணிகள் அந்தப் பருவத்தில் அதில் ஆடின. பேருந்தில் ஏறி, மலைச்சாலைகளைக் கடந்து, ஆடிவிட்டு, அதே இரவில் திரும்பிவிடுவார்கள். முதல் நிலைக் கழகங்களின் இளைஞர்கள் இங்கே மாறி மாறி ஆட அனுமதி உண்டு. இருபது வயதுப் பையன் ஒருவன் இந்த வாரம் பெரிய அரங்கத்தில் பலகையில் உட்கார்ந்திருப்பான். அடுத்த வாரம் சிற்றூர் ஒன்றில் முழுநேரமும் ஆடுவான். அவனுக்கு இது ஏணியின் ஒரு படி. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கோ இது இறங்கிவரும் படி. இருவரும் ஒரே உடையை அணிந்திருப்பார்கள். எனக்கு இந்தப் போட்டியின்மேல் பற்று உண்டானதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம், அந்த ஆண்டு அங்கே கூடியிருந்த பழைய சாம்பியன்கள். யிஹ்லாவா நகரத்தின் டுக்லா அணி, செக்கோஸ்லோவாக்கியா ஒன்றாக இருந்த காலத்தில் 12 முறை தேசியப் பட்டம் வென்ற இராணுவ அணி. விசெட்டீன் என்னும் சிறிய மலைநாட்டு ஊர் 1995 முதல் 1999 வரை தொடர்ந்து ஐந்து முறையும், 2001-இல் மீண்டும் ஒருமுறையும் நாட்டை வென்றது. 2007-இல் கடன் சுமையால் முதல் நிலையிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறிவந்தது. கிளாட்னோ ஆறு முறை பட்டம் வென்ற அணி. அவற்றில் நான்கு 1975 முதல் 1978 வரை இடைவிடாமல் வந்தவை. இத்தனை மகுடங்கள் ஓர் இரண்டாம் நிலைப் போட்டியில் குவிந்து கிடந்தன.

கிளாட்னோவைப்பற்றிச் சற்று அதிகமாகச் சொல்லவேண்டும். பிராகா நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நிலக்கரி, எஃகு நகரம் அது. அங்கே 1889-இல் கார்ல் விட்கென்ஸ்டைன் ஓர் எஃகு ஆலையை நிறுவினார். தத்துவஞானி லுட்விக் விட்கென்ஸ்டைனின் தகப்பனார் இவர். மனைவி லியோபோல்டீனாவின் செல்லப்பெயரை ஆலைக்கு இட்டார்: போல்டி. ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகமும் ஒரு நட்சத்திரமும் அதன் முத்திரை. பின்னாளில் ஹாக்கி அணியும் போல்டி என்ற பெயரைத் தாங்கியது. உலைக்களத்தில் வேலைமுடித்து வந்தவர்களே அரங்கத்தை நிரப்பினார்கள். பொதுவுடைமை ஆட்சி முடிந்தபின் அந்தப் பெரிய ஆலை நொடித்துப்போயிற்று. ஊருக்கு மிஞ்சிய பெருமை ஹாக்கி. அதுவும் 2014-இல் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது.

அந்த ஊரில் 1972-இல் பிறந்தவர் யாரோமீர் யாகர். இருபது வயதிற்குள் பிட்ஸ்பர்க் அணியோடு வட அமெரிக்காவின் ஸ்டான்லி கோப்பையை 1991, 1992 ஆகிய ஆண்டுகளில் இருமுறை வென்றார். 1998-இல் நகானோவில் ஒலிம்பிக் தங்கம். 2005-இலும் 2010-இலும் உலகப் பட்டம். வட அமெரிக்கப் போட்டியில் அவர் சேர்த்த புள்ளிகள் 1,921. அவருக்கு மேலே இருப்பவர் வெயின் கிரெட்ஸ்கி ஒருவரே. அவர் முதுகில் சுமந்த எண் 68. சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் நுழைந்த 1968-ஆம் ஆண்டை நினைவுகூரும் எண் அது. அவருடைய பாட்டனார் மரித்த ஆண்டும் அதுவே. தளத்தில் இறங்கும்போதெல்லாம் குடும்பத்தின் துயரத்தை அவர் முதுகில் எழுதிக்கொண்டு இறங்கினார் என்றே சொல்வேன்.

2018 ஜனவரியில் கால்கரி அணி அவரை விடுவித்தது. அங்கே அவர் ஆடியவை 22 ஆட்டங்கள். அடித்தது ஒரே ஒரு கோல். அவ்வளவு நீண்ட புகழுக்கு மிகவும் மெல்லிய முடிவு. அவர் நேராகக் கிளாட்னோவுக்கு வந்தார். சில ஆட்டங்களிலேயே முழங்கால் காயம் அவரை உட்காரவைத்தது. அடுத்த பருவத்தின் பெரும்பகுதியையும் அந்தக் காயத்தோடு கழித்து, குளிர்காலத்தின் பின்பாதியில்தான் மீண்டும் தளத்தில் இறங்கினார்.

இந்தக் கதையை வாலிபர்கள் சிலரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி இடைமறித்து, “ஐயா, அவ்வளவு சம்பாதித்தவர், மரியாதையாக ஓய்வு பெற்றிருக்கலாமே, ஏன் இந்த வயதில் இப்படிச் சிறுமைப்படவேண்டும்?” என்றான். நியாயமான கேள்வி. “தம்பி, அந்தக் கழகம் அவருடையது” என்றேன். 2011 முதல் அதன் உரிமையாளராக இருந்தவர் அவரே. அதற்கு முன் அவருடைய தகப்பனார் அதை நடத்திவந்தார். பயிற்சியாளரின் சம்பளமும் பேருந்தின் செலவும் அவருடைய கவலைகள். அவர் ஆடினால் டிக்கெட்டுகள் விற்கும். எதிரணியின் ஊரிலும் அரங்கம் நிரம்பும். அத்தோடு அவருக்கு ஆடுவதில் ஆசை தீரவில்லை. கடமை எது, ஆசை எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அவராலும் முடியாது என்றே எண்ணுகிறேன். தம்பி முழுவதும் சமாதானமாகவில்லை. “அப்படியானால் தோற்றிருந்தால்?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குத் துணையாக ஒருவர் வந்தார். மாண்ட்ரியால் அணிக்காகப் பல்லாண்டு ஆடி, வட அமெரிக்காவில் 1,000 ஆட்டங்களை எட்டிய தோமாஷ் ப்ளெகானெட்ஸ். அவரும் கிளாட்னோவின் மைந்தர். 1,000-ஆவது ஆட்டத்தை முடித்த அடுத்த மாதமே, 2018 நவம்பரில், அங்கிருந்து விடைபெற்று ஊர் திரும்பினார். சிற்றூர் அணிகளின் பையன்கள், சுவரில் படமாக ஒட்டிவைத்திருந்த மனிதர்களை எதிர்த்து ஆடினார்கள். அவர்கள் பயந்து ஒதுங்கவில்லை; நன்றாகவே மோதினார்கள். அதுவும் ஒரு வகை மரியாதைதான்.

பருவத்தின் முடிவில் ‘பராஷ்’ என்னும் சிறு தொடர் நடந்தது. முதல் நிலையின் கடைசி இரு அணிகளும், இரண்டாம் நிலையிலிருந்து தகுதிபெற்ற இரு அணிகளும் ஒன்றோடொன்று மோதும். நால்வரில் இருவருக்கே மேலே இடம். அந்த ஏப்ரலில் பர்டுபிட்சே, ஹொமுட்டோவ், கிளாட்னோ, செஸ்கே புட்யெயோவிட்சே ஆகியவை மோதின. அப்படியொரு ஆட்டத்தில், செஸ்கே புட்யெயோவிட்சேக்கு எதிராக, 47 வயது யாகர் நான்கு கோல்கள் அடித்தார். உலகமெங்கும் அது செய்தியாயிற்று. கிளாட்னோ மேலேறியது. பர்டுபிட்சே தப்பியது. ஹொமுட்டோவ் கீழிறங்கியது.

இங்கே நான் உங்களைச் சற்று நிறுத்த விரும்புகிறேன். அந்த நான்கு கோல்களும் யாருடைய வலைக்குள் சென்றன?

செஸ்கே புட்யெயோவிட்சே தென்பகுதியின் பெரிய நகரம். 2013-இல் அதன் முதல் நிலை உரிமம், முதன்மை ஆதரவாளரான நிறுவனத்தோடு ஹ்ராடெட்ஸ் க்ராலோவே என்னும் வேறு நகரத்திற்குச் சென்றுவிட்டது. அணி தோற்றுக் கீழிறங்கவில்லை. அதன் இடமே பெயர்த்தெடுக்கப்பட்டது. ஊரார் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய பெயரான ‘மோட்டோர்’ என்னும் பெயரைக் கொண்டாடி, இரண்டாம் நிலை ஆட்டங்களுக்கு, முதல் நிலை அணிகள் சிலவற்றுக்கும் கிடைக்காத கூட்டமாகத் திரண்டு வந்தார்கள். ஒரு ஆண்டு அன்று, பல ஆண்டுகள். 2019-இல் வாசல்வரை வந்த அவர்களைத் திருப்பி அனுப்பியது அந்த இனிய செய்திதான். நாம் எல்லாரும் மகிழ்ந்து படித்த செய்தி. செய்தித்தாளின் படத்தில் யாகரின் நரைத்த தாடி இருந்தது. எதிரணியின் காவலர் ஓரத்தில்கூட இல்லை. யாகரை நேசிக்கிற நான், அந்தக் காவலர் அன்றிரவு எப்படி வீடு திரும்பியிருப்பார் என்பதையே அதிகம் நினைத்தேன்.

மேலே சென்ற கிளாட்னோ அங்கே ஓர் ஆண்டே தங்கியது. 2020-இன் கொள்ளைநோய்க் காலத்தில் பருவம் பாதியில் நிறுத்தப்பட்டபோது பட்டியலின் கடைசி இடம் அதனுடையது. கீழிறங்கியது. இரண்டாம் நிலையின் முதலிடத்தில் அப்போது இருந்த அணி செஸ்கே புட்யெயோவிட்சே. ஏழு ஆண்டுகளுக்குப் பின் அது தன் பழைய இடத்திற்குத் திரும்பியது. இரு ஊர்களும் இடம் மாறிக்கொண்டன.

யாகர் மீண்டும் கீழே இறங்கிப் பலகையில் அமர்ந்தார். அடுத்த பருவத்தின் பெரும்பகுதி நோய்க்கட்டுப்பாடுகளால் வெறும் இருக்கைகளுக்கு முன்னேதான் நடந்தது. டிக்கெட் விற்கும் வழியும் இல்லை, ஆரவாரமும் இல்லை. 49 வயது மனிதர் முக்கால் நிமிடம் ஓடி, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தார். 2021 வசந்தத்தில் இறுதித் தொடருக்கு வந்து, கிளாட்னோ வென்று மேலேறியது. தோற்றது யிஹ்லாவா, 12 பட்டங்களின் யிஹ்லாவா. அவர்கள் தங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு, அடுத்த இலையுதிர்காலத்தில் அதே இரண்டாம் நிலையில் ஆட ஊர் திரும்பினார்கள்.