அரசி விட்டுச்சென்ற குடும்பப் பெயர்

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கைச் சுற்றியுள்ள பெண்கள் விடுதிகளில் நாகர்கோவில், திருநெல்வேலிப் பிள்ளைகளும் உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியில் கொரியத் தொடர் ஓடும். அதில் ஒருத்தி தன் தந்தையை நம்மைப் போலவே ‘அப்பா’ என்று கூப்பிட்டால் போதும், பேச்சு செம்பவளத்திடம் வந்துவிடும். தமிழ் மண்ணிலிருந்து கப்பலேறிப் போய்க் கொரியாவில் அரசியான பெண் என்று மேடைதோறும் சொல்கிறோமே, அவள்தான்.

கொரியர்கள் அறிந்த பெயர் ஹொ ஹ்வாங்-ஓக். ஹொ குடும்பப் பெயர். ஹ்வாங் என்றால் மஞ்சள், ஓக் என்றால் ஜேட் என்னும் மணிக்கல். பவளம் அதில் எங்கும் இல்லை. அந்த ‘ஓக்’ இன்றும் கொரியப் பாட்டிமார் பலரின் பெயரில் இருக்கிறது: மி-ஓக், ஓக்-சூன். பேத்திகளுக்கு அதை வைப்பவர்கள் குறைவு.

13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’தான் அவள் கதையைச் சொல்கிறது. கி.பி. 48இல், 16 வயதில், அயுத நாட்டிலிருந்து செம்பாய் விரித்த கப்பலில் வந்து கயா நாட்டு மன்னன் சுரோவை மணந்தாளாம். அயுதம் அயோத்திதான் என்று 2001இல் அங்கே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஆய் நாடு என்கிறோம் நாம். ஆய் மன்னர்களின் தலைநகரான விழிஞ்சம், கழக்கூட்டத்திலிருந்து புறவழிச்சாலையில் தெற்கே போனால் வந்துவிடும். ஆனால் விழிஞ்சம் அவர்களுடைய தலைநகராக விளங்கியது 8, 9ஆம் நூற்றாண்டுகளில். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் நூலுக்கும் இடையே 1,200 ஆண்டுகள். இதை வைத்து அவளைத் தமிழச்சி என்று சாதிக்க என் மனம் ஒப்பவில்லை.

என்னை அவளிடம் இழுப்பது வேறொன்று. தன் பிள்ளைகளில் இருவருக்காவது தன் குடும்பப் பெயர் வேண்டும் என்று அவள் கேட்டாள், மன்னன் இசைந்தான் என்பது அந்தக் குலங்களின் மரபு. கிம்ஹே ஊரைப் பூர்விகமாகக் கொண்ட கிம் குலமும் ஹொ குலமும் அவளையே மூதாய் என்கின்றன. ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் இரு குலத்தாரும் தங்களுக்குள் மணமுடிப்பதில்லை என்பது வழக்கம்.

தாயின் பெயர் பிள்ளைக்கு வருவது திருவனந்தபுரத்து மண்ணுக்கு அந்நியமானதல்ல. தாய்வழி மரபான மருமக்கத்தாயம் இருந்த குடும்பங்களில் பிள்ளைகள் தாயின் தறவாட்டை, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தை, சேர்ந்தவர்களாக இருந்தார்கள். திருவிதாங்கூர் அரியணையே சகோதரி மகனுக்குத்தான் போயிற்று. அம்முறையைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். நாஞ்சில் நாட்டில் அது மனைவி மக்களைத் தெருவில் விட்ட கொடுமையைத்தான் கவிமணி ‘மருமக்கள்வழி மான்மியம்’ ஆக்கினார். சொத்து முழுவதும் ஒரே வழியில் போனதுதான் பிழை; தாயின் பெயர் நிலைத்ததில் பிழையில்லை.

கொரியாவில் ஆணையே குடும்பத் தலைவனாக வைத்த ஹோஜு முறை 2008இல் ஒழிந்தது. அதன்பின் பெற்றோர் இசைந்தால் பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரைச் சூட்டலாம். நம் பிள்ளைகளுக்கோ இன்றும் பெரும்பாலும் அப்பாவின் தலைப்பெழுத்து மட்டும்தான். செம்பவளத்தைக் கொண்டாடும் தமிழர்களே, உங்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது அம்மாவின் எழுத்தையும் முன்னால் போட்டு எழுதுங்கள்.