கோவேறு கழுதையில் வந்த இன்சுலின்

வட கரோலினாவில் மவுண்ட் உல்லா என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு பண்ணையில் கோவேறு கழுதைகள் வளர்க்கிறார்கள். சுமையோடு மலையேற அவற்றைப் பழக்குவது அந்தப் பண்ணைக்காரர்களின் தொழில். ராணுவ வீரர்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லித் தருவதுண்டு. 2024 செப்டம்பர் முடிகிற வேளையில் அந்தக் கழுதைகளை வண்டியில் ஏற்றி மேற்கே கொண்டுபோனார்கள். முதுகின் இரு பக்கமும் மூட்டைகள்: உணவு, குடிநீர், கைக்குழந்தைகளுக்கு டயப்பர், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின். ஒரு கோவேறு கழுதை ஏறக்குறைய 90 கிலோ சுமக்கும். சாலை இருந்த இடத்தில் பள்ளமும், பள்ளத்தின் குறுக்கே வேரோடு சாய்ந்த மரமுமாகக் கிடந்த மலைச்சரிவுகளில், எந்த வண்டியும் போக முடியாத வீடுகளுக்கு அவை நடந்தே போய்ச் சேர்ந்தன.

ஹெலீன் புயல் போன பிறகு மேற்கு வட கரோலினா இருந்த நிலை அது.

புயல் கரையேறிய இடம் இதுவல்ல. செப்டம்பர் 26 இரவு 11 மணிக்கு மேல், ஃபுளோரிடாவில் பெர்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில், மணிக்கு 225 கிலோமீட்டர் காற்றோடு அது நிலத்துக்குள் நுழைந்தது. மேற்கு வட கரோலினாவின் ஆஷ்வில் நகரமோ அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால், கடல் மட்டத்துக்கு 2,100 அடி மேலே, அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. கடலோரப் புயல்களுக்குப் பயந்தவர்கள் பாதுகாப்பான ஊர் என்று நம்பிக் குடிவந்த இடம். ஆனால் புயலுக்கு முந்தைய நாளே வேறொரு மழை பிடித்துக்கொண்டு, மலை மண்ணை ஊறவைத்துவிட்டிருந்தது. அதன் மேல்தான் ஹெலீன் வந்தது. கடலிலிருந்து அள்ளிவந்த ஈரம் மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து கொட்டியதில், பியூசிக் என்ற இடத்தில் மூன்று நாள் மழை 30 அங்குலத்தைத் தாண்டியது. 1916இல் வந்த பெருவெள்ளத்தைத்தான் இந்த மலைக்காரர்கள் நூறு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 27 அன்று பிரெஞ்ச் பிராட் ஆறு ஆஷ்வில்லில் 24.67 அடிக்கு உயர்ந்து, அந்தப் பழைய கணக்கை அழித்துவிட்டது. நிலச்சரிவுகள் 2,000க்கும் மேல். இந்த மாநிலத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். ஃபேர்வியூ பகுதியில் சரிந்த மண் ஒரே குடும்பத்தில் 11 பேரைக் கொண்டுபோய்விட்டது.

மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே டென்னசிக்குப் போகும் 40ஆம் எண் நெடுஞ்சாலையின் பாதி அகலம் ஆற்றோடு போயிருந்தது. மேற்குப் பகுதியின் எல்லாச் சாலைகளும் மூடப்பட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்று மாநிலப் போக்குவரத்துத் துறை அறிவித்தது. அப்படியானால் உள்ளே இருப்பவர்களுக்கு யார் உதவுவது? உள்ளே இருப்பவர்கள்தான்.

இந்த மலைகளின் இடுக்குகளை இங்குள்ளவர்கள் 'ஹாலர்' என்று சொல்வார்கள். நடுவில் ஓர் ஓடை, ஓடையை ஒட்டி ஒரு சாலை, சாலைக்கு மேலும் கீழும் தள்ளித் தள்ளி வீடுகள். எந்த வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரத்தை நம்பி மூச்சுவிடும் முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை இருக்கிறது என்பது எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். காற்று ஓய்ந்ததும் மர அறுவை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்கள் அந்த வரிசையில்தான் மரங்களை அறுத்தார்கள்: யாருக்கு அவசரமோ அவர் வாசல் முதலில். குளிர்பெட்டியில் உருகத் தொடங்கிய இறைச்சியை எல்லாரும் எடுத்துவந்து வாசலில் அடுப்பு மூட்டிச் சுட்டு, தெருவோடு பகிர்ந்து சாப்பிட்டார்கள். முதல் இரண்டு மூன்று நாள் பல இடங்களில் அதுதான் சாப்பாடு.

வெளியுலகத்தோடு பேச உதவியது, பலர் மறந்தே போயிருந்த ஒரு பழக்கம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான மவுண்ட் மிட்செல்லில், 6,684 அடி உயரத்தில், பொழுதுபோக்காகச் சொந்த வானொலிக் கருவியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ ஆர்வலர்களின் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. கீழிருந்து வரும் பலவீனமான அலையை வாங்கி, பலம் கூட்டித் திருப்பி அனுப்பும் கருவி. செல்போன் கோபுரங்கள் அடங்கிப்போன நேரத்தில் அது இயங்கிக்கொண்டிருந்தது. உரிமம் பெற்ற ஆர்வலர்கள் முறைவைத்து அமர்ந்து, வரும் செய்திகளை ஒழுங்குபடுத்தினார்கள். இன்ன ஓடைக்கு மேலே இன்ன வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டது, இன்ன சாலையில் பாலம் இல்லை, இன்னாருடைய தாயார் நலமாக இருக்கிறார் என்று அவர் மகனிடம் சொல்லுங்கள். பழைய கையடக்க வானொலி வைத்திருந்தவர்களைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடி நின்று கேட்டார்கள். மற்றவர்கள் காருக்குள் உட்கார்ந்து புளூ ரிட்ஜ் பொது வானொலியைத் திருப்பினார்கள். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்பதால், செய்தி முடிந்ததும் வண்டியை அணைத்துவிடுவார்கள்.

தண்ணீர்க் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஊரெல்லாம் தண்ணீரில் மூழ்கிய பிறகு, ஆஷ்வில் 53 நாள் குடிநீர் இல்லாமல் இருந்தது.

நகரத்தின் பெரும்பகுதி நார்த் ஃபோர்க் என்ற மலை நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கிறது. 2004இல் அடுத்தடுத்து வந்த பிரான்சிஸ், ஐவன் புயல்களில் அங்கிருந்து வரும் பெருங்குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டன. பாடம் கற்றுக்கொண்ட நகராட்சி, மாற்றுக் குழாய் ஒன்றை 25 அடி ஆழத்தில் புதைத்தது. ஹெலீன் அந்த ஆழத்தையும் தோண்டி எடுத்துவிட்டது. குழாய்களைச் சரிசெய்த பிறகும் தேக்கத்துத் தண்ணீர் செங்குழம்பாக நின்றது. அதில் மிதந்த களிமண் துகள் மிக நுண்மையானது, எளிதில் அடியில் படியவில்லை. படிகாரம் போன்ற வேதிப்பொருள்களைக் கொட்டிப் படியவைக்கப் பார்த்தார்கள். அக்டோபரில் குழாயில் மறுபடி தண்ணீர் வந்தது. ஆனால் குடிக்கத் தகுதியானது என்று அறிவித்தது நவம்பர் 18 அன்றுதான்.

குடிக்கப் புட்டித் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கழிப்பறைக்கு? இங்கே ஒருமுறை நீரைத் திறந்துவிட 6 லிட்டர் வேண்டும். பல மாடிக் கட்டடத்தில், மின்தூக்கி ஓடாத நாளில், எட்டாவது மாடியில் தனியாக இருக்கும் எண்பது வயது மூதாட்டி என்ன செய்வார்? ஊர்க்காரர்கள் யோசித்தார்கள். ஓடையிலும் குளத்திலும் நீர் மொண்டு, 1,000 லிட்டர் பிடிக்கும் சதுரப் பிளாஸ்டிக் தொட்டிகளில் நிரப்பி, பிக்கப் வண்டியில் ஏற்றி, முதியோர் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வாளி வாளியாகப் படியேற்றம். கதவைத் தட்டி, உள்ளே போய், பீங்கானில் ஒரே வீச்சாக ஊற்ற வேண்டும். மெல்ல ஊற்றினால் கழிவு இறங்காது. பிறகு அடுத்த கதவு. ஊற்றப் போனவர்கள் அப்படியே மருந்து இருக்கிறதா, சாப்பிட்டீர்களா என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்கள். நாட்கணக்கில், வாரக்கணக்கில் இது நடந்தது. பேரிடரில் மனிதர்கள் செய்தவற்றில் எது பெரிது என்று கேட்டால், ஹெலிகாப்டர்களைவிட இந்த வாளிகளையே முதலில் சொல்லத் தோன்றுகிறது. முன்பின் தெரியாதவருடைய கழிப்பறைக்குத் தண்ணீர் சுமக்க முன்வந்தவர்கள் படத்துக்காகவோ கைதட்டலுக்காகவோ வரவில்லை.

பிலவ்ட் ஆஷ்வில் என்ற உள்ளூர் அமைப்பு இப்படிப்பட்ட வேலைகளுக்கு ஒரு மையமாக இருந்தது. வீடற்றவர்களோடும் ஏழைகளோடும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவந்த சின்ன அமைப்பு அது. யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் புயலுக்கு முன்பே தெரியும். அதனால் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆஷ்வில்லுக்கு வடக்கே, பிரெஞ்ச் பிராட் ஆற்றின் விளிம்பிலேயே கட்டப்பட்ட குட்டி ஊர் மார்ஷல். வெள்ளம் வடிந்தபோது கடைத்தெரு முழுக்கச் சேறு. பழைய ரயில் நிலையக் கட்டடம் இருந்த இடத்தில் இல்லை. அந்தச் சேற்றில் என்னென்ன கழிவு கலந்திருக்கிறதோ என்ற அச்சம் இருந்ததால், முகக்கவசமும் முழங்கால் வரை ரப்பர் காலணியும் போட்டுக்கொண்டு, மண்வெட்டியும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியுமாக மக்கள் இறங்கினார்கள். சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். காய்ந்தால் கல்லாகிவிடும், தூசியாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும். கடை யாருடையது என்று பார்க்காமல் அள்ளினார்கள். அங்கே அள்ளியவர்களில் சொந்த வீட்டை இழந்தவர்களும் இருந்தார்கள்.

பாதை திறக்கத் திறக்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். ஸ்வானனோவா என்ற ஊரில் ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையம் ஒன்று ஹெலிகாப்டர் தளமாகவே மாறியது. முன்னாள் ராணுவத்தினர் அதை நடத்தினார்கள். வட கரோலினா பாப்டிஸ்ட் திருச்சபையினர் சமையல் கூடாரமும், குளியல் வண்டியும், துணி துவைக்கும் வண்டியும் கொண்டுவந்தார்கள். சமையல் கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸின் வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் உள்ளூர் உணவகங்களோடு சேர்ந்து சூடான சோறு கொடுத்தது. பென்சில்வேனியாவிலிருந்து அமிஷ் என்ற கிறித்தவச் சமூகத்துத் தச்சர்கள் வந்து, குளிருக்கு முன் குடியேறச் சிறு வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். கூடவே வேண்டாததும் வந்தது. மலைபோல் குவிந்த பழந்துணியைப் பிரித்து அடுக்குவதற்கே ஆள் ஒதுக்க வேண்டியிருந்தது.

துணியைவிட மோசமானது வதந்தி. கூட்டாட்சிப் பேரிடர் முகமையான ஃபீமா, அவசரச் செலவுக்கு முதலில் 750 டாலர் கொடுத்தது. மொத்த உதவியே அவ்வளவுதான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வாங்கினால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றார்கள். புயலையே யாரோ திட்டமிட்டுத் திருப்பிவிட்டார்கள் என்றும் பேச்சு. அந்தப் பகுதியிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வான குடியரசுக் கட்சி உறுப்பினர் சக் எட்வர்ட்ஸ், புயலை எவராலும் உருவாக்க முடியாது என்பதையும் சேர்த்து, பொய்களை ஒவ்வொன்றாக மறுத்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. அக்டோபரில் மிரட்டல் காரணமாக ஃபீமா ஊழியர்கள் வீடு வீடாகப் போவதைச் சில நாள் நிறுத்திவைத்தார்கள். இதில் நட்டமடைந்தவர்கள், பயந்துபோய் விண்ணப்பமே போடாத ஏழைகள். அங்கேயும் பக்கத்து வீட்டுக்காரர்தான் உதவினார். நான் விண்ணப்பித்தேன், பணம் வந்தது, நிலம் என்னிடம்தான் இருக்கிறது என்று அவர் சொன்னால் நம்பினார்கள்.

இவ்வளவையும் பாராட்டும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அன்பு இருக்கிறது என்பதற்காக அரசு விலகிக்கொள்ள முடியாது. மாநில அரசு கணக்கிட்ட சேதம் ஏறக்குறைய 6,000 கோடி டாலர். அதை வாளியால் இறைக்க முடியாது. ஆஷ்வில் இருக்கும் பன்கம் மாவட்டத்தில் வெள்ளக் காப்பீடு எடுத்திருந்த வீடு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மலைமேல் இருப்பவருக்கு வெள்ளக் காப்பீடு எதற்கு என்று அவர்களும் நினைத்தார்கள், விற்பவர்களும் நினைத்தார்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் பணம் தராது. முப்பது வருடம் தவணை கட்டிய வீடு ஆற்றோடு போன பிறகும் கடன் மட்டும் நிற்கிறது.

அடுத்த பெரும்பாடு பாலங்கள். ஹாலரில் பல வீடுகளுக்கு வழி, ஓடையைக் கடக்கும் சொந்தப் பாலம்தான். ஒருவரோ, நாலு குடும்பமோ கட்டிக்கொண்டது. ஆயிரக்கணக்கில் இவை போய்விட்டன. நெடுஞ்சாலையை அரசு கட்டும். 40ஆம் எண் சாலையில் 2025 மார்ச் 1 அன்று திசைக்கு ஒரு தடம் என்று வண்டிகளை விட்டார்கள். வீட்டுப் பாலமோ வீட்டுக்காரர் பொறுப்பு. ஆகவே தேவாலயக் குழுக்களும் தன்னார்வப் பொறியாளர்களும் ஓடை ஓடையாகப் போய் அகலம் அளந்து, இரும்பு விட்டம் இறக்கிக் கட்டித் தருகிறார்கள்.

கட்டும்போது அவர்கள் பார்க்கும் கணக்குகளில் ஒன்று, தீயணைப்பு வண்டியின் எடை. கார் மட்டும் போனால் போதும் என்று சிக்கனமாகக் கட்டலாம்; அப்படிக் கட்டினால் தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டி அக்கரைக்குப் போகாது. புயலில் சாய்ந்த மரங்கள் காடெங்கும் காய்ந்துகிடக்கின்றன. 2025 மார்ச்சில் போல்க் மாவட்டத்தில் காடு பற்றி எரிந்தபோது, அந்த மரங்களே விறகாயின. ஊர்த் தன்னார்வலர்கள் மறுபடி புறப்பட்டார்கள், இம்முறை நெருப்பை அணைக்க.