ஆற்றங்கரையில் ஏழு நாட்கள்

‘டூர்’ என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் அர்த்தமே கிடையாது. பழனிக்குப் போனால் அது நேர்த்திக்கடன். ஈரோட்டுக்குப் போனால் கல்யாணம். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் காய்ச்சல். காரியம் ஒன்றும் இல்லாமல், ஒரு ஊரைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறுவது என்பது எங்கள் தலைமுறையில் யாரும் செய்யாத வேலை. முதலாம் ஆண்டில் வகுப்பே ஊட்டிக்குப் போனது, நான் போகவில்லை. இரண்டாம் ஆண்டில் கொச்சிக்குப் போனார்கள், அதற்கும் போகவில்லை. காரணம் கேட்ட தோழிகளிடம் “எனக்கு பஸ் ஒத்துக்காதுப்பா” என்று சொல்லி வைத்தேன். ஒத்துக்கொள்ளாதது பஸ் அல்ல, அதற்குக் கட்ட வேண்டிய பணம்!

மூன்றாம் ஆண்டில், நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் அறிவிப்பு வந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த நெல்லித்துறை, பவானி ஆற்றங்கரை, ஏழு நாட்கள், ஐம்பது பேர். உணவும் தங்குமிடமும் திட்டச் செலவில். அந்தக் கடைசி வரியை நான் மூன்று முறை படித்தேன்.

இந்தத் திட்டம் 1969 செப்டம்பர் 24ஆம் நாள், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டதாம். பட்டணத்துப் பிள்ளைகள் ஒரு வாரமாவது கிராமத்தில் தங்கி, அங்கே உள்ளவர்களோடு சேர்ந்து வேலை செய்து பழக வேண்டும் என்பதுதான் முகாமின் நோக்கம். எல்லாம் நல்ல நோக்கம்தான். ஆனால் வீட்டில் சம்மதிக்க வேண்டுமே!

அம்முச்சி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “பொட்டப்புள்ளைய ஏழு நாளு காட்டுக்குள்ள விடறதா? ஊரு என்ன பேசும்?” அப்பா ஒன்றும் பேசவில்லை. உக்கடம் மீன் மார்க்கெட்டில் பெட்டி இறக்கும் வேலை அவருக்கு. விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது கேட்டார்: “டீச்சரம்மா கூட வர்றாங்களா அம்மிணி?” “வர்றாங்கப்பா. பொண்ணுங்களுக்குத் தனி ரூம்.” “சரி, போயிட்டு வா. படிப்புல இதுவும் ஒண்ணுன்னா நானென்ன சொல்றது” என்றார். அம்மா அன்று இரவே தன்னுடைய ஒரே நல்ல போர்வையைத் துவைத்துப் போட்டார்.

டிசம்பர் கடைசி, பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை. நாங்கள் தங்கியது ஒரு பள்ளிக் கட்டடத்தில்தான். காலை ஐந்தரைக்கு விசில். உடற்பயிற்சி, டீ, பிறகு மண்வெட்டி. பார்த்தீனியச் செடியை வேரோடு பிடுங்குவதும், குழாயடிகளில் உறிஞ்சு குழி வெட்டுவதும் எங்கள் பங்கு. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். அடியில் பெரிய கல், அதன்மேல் செங்கல் உடைசல், அதற்கு மேல் ஜல்லி. வீணாகிற தண்ணீர் தேங்கிக் கொசு வளர்க்காமல் மண்ணுக்குள்ளேயே இறங்கிவிடும். சிவில் படிக்கிற எனக்கு இது புத்தகத்தில் அரைப் பக்கம். வெட்டிப் பார்த்தபோதுதான் மூன்றடி எவ்வளவு ஆழம் என்று உள்ளங்கை சொன்னது!

சமையல் எங்களுடையதே. முறை வைத்துக்கொண்டோம். முதல் நாள் அரிசி பருப்பு சாதத்தில் உப்பு கம்மி, இரண்டாம் நாள் குழம்பில் உப்பு அதிகம், மூன்றாம் நாள்தான் நாக்குக்கு நியாயம் கிடைத்தது. ஆறு மணிக்கு மேல் வளாகத்தை விட்டு யாரும் வெளியே போகக்கூடாது. யானை வருமாம். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனபோது ஒரு அம்மா தன் தோட்டத்தைக் காட்டினார். வாழை மரங்கள் மிதித்துப் போட்ட பாய் மாதிரி கிடந்தன. “நட்டது நாங்கொ, ருசி பாத்தது அது. என்னங் கண்ணு பண்றது, அதுக்கும் இதுதான ஊரு” என்றார். அந்தப் பக்கத்தில் யானைக்குத் தனி மரியாதைதான். பக்கத்தில் தேக்கம்பட்டி ஆற்றங்கரையில் கோயில் யானைகளுக்கே நலவாழ்வு முகாம் நடந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு நடந்தது 48 நாள் முகாம். எங்களுக்கு ஏழு நாள், யானைக்கு நாற்பத்தெட்டு!

இனி ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நண்பர்களே, நான் ஆறு பார்க்காதவள் அல்ல. உக்கடத்துக்காரிக்கு ஆத்துப்பாலம் தெரியாதா? அங்கே ஓடுவதும் ஆறுதான், நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர் வழியாக வந்து, எங்கள் குளங்களை நிரப்பிவிட்டுப் போகிற ஆறு. ஆனால் பாலத்தைக் கடக்கும்போது கைக்குட்டை தானாக மூக்குக்குப் போகும். ஆறு என்றால் கறுப்பு, ஆறு என்றால் நாற்றம் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது.

பவானியில் கால் வைத்தபோது என் கால்விரல் பத்தும் தெரிந்தன. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது, சின்ன மீன் வந்து குதிகாலைக் கடித்தது. நான் சத்தம் போட, தோழிகள் சிரித்தார்கள். இந்த ஆறு நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், அங்கிருந்து திரும்பி மறுபடி நம் மாநிலத்துக்கே வருகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று. அதில் இது ஒன்று. மேலே பில்லூர் அணை. கோவையில் குழாய் திறந்தால் வருகிற தண்ணீரில் சிறுவாணியைப் போலவே பில்லூருக்கும் பங்கு உண்டு. கணக்கெடுப்பில் இன்னொரு பாட்டி, “எந்தூருங் கண்ணு?” என்று கேட்டார். “கோயமுத்தூருங்க.” “அப்ப நம்மாத்துத் தண்ணி குடிக்கிற புள்ளைகதான்!” என்று சொல்லி மோர் கொடுத்தார். குடத்தை வரிசையில் வைத்துச் சண்டை போட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீருக்கு ஒரு ஊர் உண்டு, அந்த ஊரில் இப்படி மோர் கொடுக்கிற பாட்டி உண்டு என்று யோசித்ததே இல்லை.

அழகு மட்டும் அல்ல, ஆபத்தும் உண்டு. மூன்றாம் நாள் மாலை பாறைமேல் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தோம். மேலே ஆடு மேய்த்த பெரியவர் ஓடி வந்து, “ஏறுங் அம்மிணி, ஏறுங்! தண்ணி வருது!” என்று கத்தினார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனாலும் ஏறினோம். கொஞ்ச நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம்! பில்லூரில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறந்தால், மழை இல்லாத நாளிலும் ஆறு திடீரென்று ஏறும். இது தெரியாமல் வெளியூரிலிருந்து குளிக்க வந்து உயிரை விட்டவர்கள் பலர். பாறையில் தண்ணீர் ஏறி இறங்கிய கோட்டை அவர் காட்டினார். அதற்கு மேலேதான் உட்கார வேண்டும் என்றார். லெவலிங் கருவி இல்லாமல் அவர் எடுத்த அந்த லெவலை நான் மறக்க மாட்டேன்.

மதியங்களில் சொற்பொழிவு இருக்கும். ஒரு நாள் பேச வந்தவர், விடுமுறை என்பது எப்படித் தொழிலாளிக்குக் கிடைத்தது என்று சொன்னார். பிரான்சு நாட்டில் 1936ஆம் ஆண்டு வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு என்று சட்டம் வந்ததாம். அந்தக் கோடையில், அதுவரை ஊரைத் தாண்டாத குடும்பங்கள் சலுகைக் கட்டண ரயிலிலும் சைக்கிளிலும் கிளம்பி, ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் கூடாரம் அடித்துத் தங்கினார்களாம். இன்றும் அங்கே பல ஆற்றங்கரைக் கிராமங்களில் ஊராட்சியே கூடாரம் போட இடம் நடத்துகிறது. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வருடத்தில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு என்று எழுதிவைத்தது.

எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி தூக்கினால் காசு, தூக்காவிட்டால் இல்லை. எந்தச் சட்டத்தின் இருபதாவது நாளும் அவர் கணக்கில் இதுவரை வந்ததில்லை.

நிறைவு விழாவுக்குப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். அப்பா வந்தார், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அன்றைய கூலி போயிற்று. நாங்கள் வெட்டிய குழியைக் காட்டினேன். “நீயா வெட்டினே?” என்று கேட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். அம்மா முகம் கழுவி, இரண்டு கை நிறைய அள்ளிக் குடித்தார். அப்பா கோட்டுக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தார். பீடி பற்றவைக்கவில்லை, தூங்கவில்லை, யாரோடும் கணக்குப் பேசவில்லை. ஒரு மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என் பதினெட்டு வயதில் அப்பா சும்மா உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். எழுந்திருக்கும்போது, “இம்புட்டுக் கிட்டத்துல இருந்திருக்குது” என்றார். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு அவருக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

தம்பி தங்கைகளே! ‘என்.எஸ்.எஸ். எதுக்கு, சர்டிபிகேட்டுக்கா?’ என்று வராந்தாவில் நீங்கள் பேசுவது என் காதிலும் விழுகிறது. டூருக்குப் பணம் கட்ட முடியாமல் ‘பஸ் ஒத்துக்காது’ என்று சொல்கிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஊர் பார்ப்பதும், ஆற்றங்கரையில் உட்காருவதும் காசுள்ளவர்களின் சொத்து அல்ல. அது நமக்கும் சேர வேண்டியது. பெயரைக் கொடுங்கள். ஒரு டார்ச், ஒரு போர்வை, ஒரு தட்டு போதும். ஊர்ப் பெரியவர் சொன்னால் உடனே கரையேறுங்கள். சோப்பு நுரையையும் பிளாஸ்டிக் கவரையும் ஆற்றில் விடாதீர்கள், அது நம் வீட்டுக் குடத்துக்கு வருகிற தண்ணீர். முடிந்தால், நிறைவு நாளன்று அப்பா அம்மாவை அழைத்து வாருங்கள். அவர்களுக்கும் ஒரு நாள் லீவு வேண்டும்.